வாய்க்கால்பட்டியின் பூதக்கண்ணாடி

1938 ஜூன் 13, கீழக்கரட்டுப்பட்டி

ஜில்லா ஹெல்த் ஆபீசர் சின்னமனூர் போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். ஜில்லா போர்டு இந்தப் பக்கத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டதாம். கேட்டதும் காது குளிர்ந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நான் மன்றாடியது இதற்குத்தான். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிவிட்டு, என்ன காய்ச்சல் என்று பதில் வரும்வரை நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வைத்தியமா என்று கேட்டிருக்கிறேன். மெம்பர்கள் வெற்றிலையை மென்றபடி தலையாட்டுவார்கள்.

மைக்ராஸ்கோப் எனக்கு இல்லை. வாய்க்கால்பட்டிக்காம். அங்கே டாக்டராக இருக்கிற ஜெயமேரிக்காம்.

ஏன் சார் என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் வடக்குப் பார்த்த சன்னல் இருக்கிறது, வெயில் படாத வெளிச்சம் விழும். உங்களுடையதில் வடக்கே வெறும் சுவர்தானே அம்மா என்றார்.

சன்னல்! மதராஸில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பரீட்சைக்கு முன்னால் என் குறிப்புகளை வாங்கிப் படித்தவள். அவளுக்கு ஒரு சன்னலால் மைக்ராஸ்கோப். ஒரு கொத்தனாரும் கடப்பாரையும் இருந்தால் எனக்கும் சன்னல் வந்திருக்குமே — இதை அவரிடம் சொல்லத் தோன்றியபோது கார் போய்விட்டது.

ஜூன் 14

தலைவலி. ஜெயமேரிக்கு வாழ்த்துச் சொல்லவேண்டும். சொல்லப்போவதில்லை.

ஜூலை 2

அவளே வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரிப்பு, கையில் ஒரு கூடை பெரியகுளம் மாம்பழம். பெரியகுளத்தில் பிறந்தவள் நான். எனக்கு இவள் அந்த ஊர் மாம்பழம் கொண்டுவருகிறாள்.

“காச்சல் கேஸு வந்தா, விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்தக் கண்ணாடித் துண்டுல தடவி, காலைப் பஸ்ஸு கண்டக்டர்ட்டக் குடுத்துரு கஸ்தூரி. மத்தியானத்துக்குள்ள பதில் வந்துரும். இந்தப் பக்கத்துக்கே பொதுவாத்தான குடுத்திருக்காக” என்றாள்.

பார்க்கலாம் என்றேன்.

அவளுக்குப் பெருமையடிக்கத் தெரியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். கொஞ்சம் பீற்றிக்கொண்டிருந்தால் மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பேன்.

மாம்பழம் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் ஆயா பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20

இன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வாய்க்கால்பட்டிக் கம்பவுண்டர் மைக்ராஸ்கோப்பைப் பூதக்கண்ணாடி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஜனங்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். உடம்பில் எந்தப் பூதம் ஏறியிருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடியாம்! ஒரு மாமியார் தன் மருமகளைத் தலைவிரிகோலமாக வண்டியில் கொண்டுவந்து இறக்கி, இவளைப் பிடித்தது ஆண் பூதமா பெண் பூதமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாளாம். பாண்டியம்மாள் தன் அக்காள் வீட்டுக்குப் போன இடத்தில் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். வீரபாண்டித் திருவிழா மாதிரிக் கூட்டமாம்.

ஜெயமேரி, வேண்டுமடி உனக்கு.

ஜூலை 29

சிரித்தது போதும்.

ஹெல்த் ஆபீசர் மறுபடி வந்தார். வாய் ஓயவில்லை. ஜெயமேரி அந்த ஜனங்களைக் கடிந்து விரட்டவில்லையாம். ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து, கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்லி, “இந்தா தெரியிதுல்ல, இதான் ஒன்னயப் புடிச்ச பூதம். கொயினா குடிச்சா ஓடிரும்” என்கிறாளாம். கொயினாவை, அந்த மலேரியாக் கசப்பு மருந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர்கள் ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறார்களாம்.

என்னிடம் வாங்கிய கொயினாவை வாயில் அடக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் துப்புகிறார்கள். அந்த இடத்தில் புல்லே முளைப்பதில்லை.

அது பூதமில்லை, கிருமி என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். உண்மையைச் சொன்னவள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பூதம் என்றவளுக்குப் பாராட்டு. இது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை? தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். எனக்கு வாய் அப்படி வளையாது.

ஆகஸ்ட் 8

வெளிநோயாளிகள் ஆறு பேர். எல்லாருக்கும் புண். காய்ச்சலெல்லாம் வாய்க்கால்பட்டிக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 17

சீனிச்சாமியின் மனைவி சுருளியம்மாளைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். எட்டு மாதம். இதற்கு முன் இரண்டு தரித்து இரண்டும் தங்கவில்லை. அண்ணனைப் பார்க்க மலைக்கு ஏலத்தோட்டத்துக்குப் போனவள் காய்ச்சலோடு இறங்கியிருக்கிறாள். குளிர் வந்தால் கட்டில் ஆடுகிறது.

மலைக்காய்ச்சல், மலேரியா என்றுதான் நினைக்கிறேன். நினைத்தால் போதுமா? குடல் காய்ச்சலாக, டைபாய்டாகவும் இருக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வீணாகக் கொயினா கொடுத்தால் வலி கண்டுவிடும். மலைக்காய்ச்சலாக இருந்து கொடுக்காமல் விட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். ரத்தத்தைப் பார்க்காமல் தொடமுடியாது.

விரலில் குத்தி எடுத்தேன். கை தானாகவே மதுரை விலாசத்தை எழுதியது.

தானாகவா?

ஆகஸ்ட் 19

காய்ச்சல் இறங்கவில்லை. மதுரையிலிருந்து பதில் வர இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது.

சீனிச்சாமி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். “டாக்டரம்மா, வாய்க்கால்பட்டிக்கு வண்டி கட்டிரவா? அங்கன பூதக்கண்ணாடி இருக்குன்றாக” என்றார். வண்டியின் ஆட்டத்தில் இவளுக்கு வலி கண்டுவிடும், நகர்த்தக்கூடாது என்றேன். சரிம்மா என்று போய்விட்டார்.

நான் சொன்னது உண்மை. எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அவள் போகவேண்டியதில்லையே, அவள் ரத்தம் போனால் போதுமே, பஸ் என் வாசல் வழியாகத்தானே போகிறது — இது சீனிச்சாமிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏன் அனுப்பவில்லை கஸ்தூரி? அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? நான் அனுப்ப, அவள் பார்த்துச் சொல்ல, அவள் சொன்னபடி நான் மருந்து கொடுக்க... நான் அவளுக்குக் கம்பவுண்டரா? இதுதான் என் மனசில் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20

காலையில் நாடி பார்க்கப் போனபோது சுருளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கை கொதித்தது. “இதயாச்சும் எனக்குக் காப்பாத்திக் குடு ஆத்தா” என்றாள்.

டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவள், நினைவு தப்பித் தப்பி ஆத்தா என்கிறாள்.

மறுபடி குத்தி எடுத்தேன். கண்டக்டரிடம் கொடுத்திருக்கலாம், நானே பஸ் ஏறினேன். இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை என்று ஜெயமேரி கேட்பதானால் என் முகத்தைப் பார்த்தே கேட்கட்டும் என்றுதான். வழியெல்லாம் பதில் தேடினேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை. முண்டியடிக்கிற கூட்டத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்துப் பார்த்தாள். பிறகு முக்காலியை விட்டு எழுந்து, “நீயே பாருடி” என்றாள்.

உட்கார்ந்தேன். வடக்குச் சன்னல் வழியாக நல்ல வெளிச்சம். வட்ட வட்டமான ரத்த அணுக்கள், அவற்றுக்குள் சின்ன மோதிரங்கள். மலைக்காய்ச்சலேதான். அந்த நேரத்திலும், ஐயோ, இந்த முக்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கப்புறம்தான் சுருளியம்மாளின் நினைவு வந்தது.

“காச்சல் வந்து எத்தன நாளாச்சு?” என்றாள் ஜெயமேரி. சொன்னேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். “பஸ்ஸு திரும்புற நேரம், கெளம்புடி” என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாம்.

மத்தியானமே கொயினா ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஆகஸ்ட் 21

இடுப்பு வலிக்கிறது என்கிறாள். கொயினாவாலா, காய்ச்சலாலா? காய்ச்சலாலென்றால் நான் கடத்திய அத்தனை நாளும் என் கணக்கில். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் வலி அடங்கியது.

ஆகஸ்ட் 24

காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்.

ஆகஸ்ட் 27

மதுரையிலிருந்து பதில் வந்தது. மலேரியாவாம். கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 12

சுருளியம்மாளுக்குப் பெண் குழந்தை. நாள் முந்தியதுதான்; ஒரு கையில் அடங்குகிறது. ஆனால் அழுகை வாசல்வரை கேட்டது. பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் துடைக்கத் துணியை நீட்டினாள். பிடுங்கி வீசினேன். பிறகு எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3

சீனிச்சாமி ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்றாம். நம் பெயராகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, அதெல்லாம் எதற்கு என்று சொல்லத் தயாராக நின்றேன்.

“செயமேரின்னு வச்சிருக்கோம்மா. அவுக கண்ணாடிலதான பூதம் தெரிஞ்சுச்சு.”

ரத்தம் எடுத்தது யார்? பஸ் ஏறினது யார்? பக்கத்திலேயே கிடந்து கொயினா புகட்டினது யார்? எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் ஆமாம்மா என்றிருப்பார். அதற்கு முந்தின மூன்று நாள் என்ன செய்தாய் என்று அவர் கேட்கமாட்டார். அவருக்குத் தெரியாது.

நல்ல பேர் என்றேன். தாரைப் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

1939 ஜனவரி 9

இப்போதெல்லாம் காலைப் பஸ்ஸில் ரத்தம் போகிறது, மத்தியானம் பதில் வருகிறது. கண்டக்டர் ஒச்சாண்டிக்கே பாதி வைத்தியம் தெரிந்துவிட்டது.

மார்ச் 22

போர்டு எனக்கும் ஒரு மைக்ராஸ்கோப் தருகிறது. பணம் ஒதுக்கியாயிற்று. ஹெல்த் ஆபீசர் இந்தத் தடவை இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். கூட்டத்தில் ஜெயமேரி எழுந்து, தனக்கு வருகிற ரத்தத்தில் பாதி கீழக்கரட்டுப்பட்டி ரத்தம், அது பஸ்ஸில் அலைவானேன், அங்கேயே ஒன்று கொடுங்கள் என்று கேட்டாளாம். மெம்பர்கள் உடனே சரியென்றார்களாம்.

மூன்று வருஷம் நான் கேட்டேன். அவள் ஒரு தடவை கேட்டாள். அதுவும் அவள் வாயால்தான் எனக்கு வரவேண்டுமா?

கொத்தனார் வந்து வடக்குச் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியெல்லாம் புழுதி.

ஜூலை 6

காலையில் சுருளியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உடம்பு சுடுகிறதாம். குத்தினதும் பிள்ளை வீரிட்டது. கண்ணாடித் துண்டின் ஓரத்தில் பெயர் எழுதவேண்டும். பேர் என்ன என்று பழக்கத்தில் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஜெயமேரி என்று பென்சிலால் எழுதினேன்.

சாயம் காயும்வரை சன்னலோரம் நின்றேன். என் மைக்ராஸ்கோப்பில் மூலை முடுக்கு விடாமல் பார்த்தேன், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் சளிக்காய்ச்சல்.

“பூதம் இருக்கா ஆத்தா?” என்றாள்.

“பூதம் ஒண்ணுமில்ல” என்றேன். கிருமி என்று திருத்தாமல் அந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவளுக்கும் பார்க்க ஆசை. முக்காலியில் உட்காரவைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, இதும் செயமேரியம்மா கண்ணாடிதானா என்று கேட்டாள்.

“ஆமா. அவுகதான் கேட்டு வாங்கிக் குடுத்தாக” என்றேன்.