எஞ்சினுக்குப் பின்னால் ஒரு நட்டு

சேக்காடு,
ஞாயிறு மதியம்

அன்புள்ள நிர்மலுக்கு அம்மா எழுதுவது. நீயும் மைதிலியும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்கிறீர்களா. எனக்கு ஒன்றுமில்லை, முட்டி வலி அது பாட்டுக்கு இருக்கிறது. ஃபோனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடு என்று உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதி, எதிர்வீட்டு மதிவதனியிடம் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தை மாதம் வருகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவர் காரோடுதான் குடித்தனம். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குத் தானே ஓட்டிவந்து பேத்தியைக் கூட்டிப் போவாராம். ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்யவில்லை, மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றேன், முப்பது வருசமா ஃபிட்டரு நானு, மெக்கானிக்கு எனக்கு இன்னா கத்துக்குடுக்கப் போறான் என்று பாய்ந்து, தானே கழற்றிச் சரிபார்த்தார். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் கார் நிற்கிற இடம் உனக்குத் தெரியும், ஒருக்களித்துத்தான் போக முடியும். அந்த மோட்டாரோ எஞ்சினுக்குப் பின்னால் அடியில், கண்ணுக்கே தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் நட்டைப் பூட்ட வேண்டும். நான் டார்ச் அடித்தேன், யாருக்கு அடித்தேனோ. முழங்கை வரை உள்ளே விட்டு அரை மணி நேரம் துழாவினார், நட்டு எங்கியோ உயுந்துச்சிடி, கைக்கே வர்ல என்றார். கையை வெளியே எடுத்தால் நட்டு அவர் விரல் இடுக்கில்தான் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லைட்ட ஒயுங்கா புடிக்க மாட்டியா நீ என்று கத்தினார். விரல் கணுவில் தகரம் கிழித்து ரத்தம், அதுவும் அவருக்குத் தெரியவில்லை. பத்து வருஷச் சர்க்கரை, விரலில் உணர்ச்சி போய்விட்டது. அவருக்கும் புரியாமல் இல்லை. டாக்டர் என்று சொன்னாலே தட்டை விட்டு எழுந்துவிடுகிறார். என்ன செய்வதென்றே தெரியவில்லையடா.

மறுநாள் எப்படியோ பூட்டிவிட்டார், வண்டி ஓடுகிறது. அதுதான் என் பயமே. நேற்று பால் வாங்கப் போனவர் ஒரு கால் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று தெரு முனையில் கிடந்தது, நான்தான் போய் எடுத்துவந்தேன். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. வலது கால், பிரேக் மிதிக்கிற கால்.

நாங்களே வண்டி பிடித்து வருகிறோம் என்று அவரிடம் நீ சொல்லிவிடு, அவர் கையைப் பற்றி மட்டும் பேசாதே. குழந்தையை அந்தக் காரில் ஏற்றாதே. சர்க்கரைக்கு என்று பொதுவாக டாக்டரிடம் போக நீ சொன்னால் கேட்பாரோ என்னவோ, நான் சொல்லித் தோற்றுவிட்டேன். வேம்புலியம்மன் உங்கள் மூன்று பேருக்கும் துணையிருப்பாள். படித்ததும் இதை ஃபோனிலிருந்து அழித்துவிடு, மறக்காதே.

ஓட்டிப் பழகவென்று இரண்டு தடவை பூந்தமல்லி போய்வந்தார், நாளைக்கும் போகிறாராம். அவரைத் தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் ஏறிக்கொள்கிறேன். மெட்ரோவுக்குத் தோண்டிய ரோட்டில், என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிற மாதிரி, போக வர என் காலை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வசந்தகுமாரி