மிளகாய்த்தூளுக்குள் ஒரு துண்டு

விமான நிலையத்திலிருந்து வரும் வாடகை வானுக்குள் மிளகாய்த்தூள் மணக்கிறது. ட்ரைவர் இரண்டு தடவை தும்மிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என்னத்தைக் கொண்டுவருகிறேன் என்று சந்தேகம் போலும். நானும் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கொழும்பில் காலி வீதி என்கிற பெரிய ரோட்டு இருக்கக் கடற்கரையோரமாக எதற்கு விடுகிறார்? மணம் என் விரல்களிலிருந்து வருகிறது. நீர் உம்முடைய கையால் வறுத்த தூள். நகத்துக்குள் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் இருந்த நீர் செத்துப்போய் எட்டு மாதம். டொரொன்டோவில் என் மகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அங்கே இருக்கிற உம்முடைய மகனைப் பிடித்து ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன். பெற்ற தாய்க்குக் கொள்ளிவைக்க ஏன் வரவில்லை?

"லீவு கிடைக்கேல்லை" என்று போனில் சொன்னவன். தாய் செத்ததற்கு லீவு கொடுக்காத வேலை எது? உம்முடைய தங்கையின் மகன்தான் கொள்ளி வைத்தான். உம்முடைய மகன் எல்லாவற்றையும் போனில் பார்த்தான். தன் முகம் தெரியாதபடி கமராவை மூடிவிட்டுப் பார்த்தான். அவன் உம்மைக் கைகழுவிவிட்டான் என்று அன்றைக்கே எங்கள் ஃபிளாட்டின் ஐந்து மாடிக்கும் சொல்லி முடித்தேன். அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

கனடாவுக்கு யார் போனாலும் உம்முடைய தூள் பை ஒன்று கூடப் போகும். வறுப்பது என் அடுப்பில், அரைப்பது கீழே மில்லில். பையைக் கட்டும் நேரம் மட்டும், "அக்கா, ஒரு பிளேன்ரீ ஊத்துங்கோவன்" என்பீர். நானும் தேநீர் ஊற்ற எழுந்து போவேன். பிறத்தியார் பொதியைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகாதேங்கோ என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், உம்முடைய பையை ஒருநாளும் பிரித்ததில்லை.

இந்தமுறை நானே வறுத்து அரைப்பித்து அவனுக்கு ஒரு கிலோ கொண்டுபோனேன். மகள் வீட்டுக்கு வந்தவன் பையை வாங்கினான். கதைத்துக்கொண்டே வாயை அவிழ்த்து, மணிக்கட்டு வரைக்கும் தூளுக்குள் கையை விட்டான்.

"என்ன தம்பி தேடுறீர்?"

கையை இழுத்துக்கொண்டான். "ஒண்டுமில்லை அன்ரி. பழக்கம்."

நான் விடுகிற ஆளா? மகள் கடைக்குப் போனதும் மறுபடி பிடித்தேன். அவன் பேர்ஸிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒரு சின்னக் கடதாசித் துண்டை எடுத்து மேசையில் வைத்தான். நீர் அனுப்பிய கடைசிப் பைக்குள் வந்ததாம். அந்தப் பையைக் கொண்டுபோனவள் என் மகள். கட்டுவதற்கு ரப்பர் பாண்ட் தந்தது நான். துண்டில் உம்முடைய எழுத்து:

"எனக்கு ஏலாமல் இருக்கு. என்ன நடந்தாலும் நீ வராதே. வழக்கு முடியமுதல் வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். லீவு இல்லை எண்டு சொல்லு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியக்கூடாது. நல்ல மனுசி, ஆனா வாய் நிக்காது."

ஆறு வருடமாக அவனுடைய அகதி வழக்கு இழுபடுகிறதாம். எங்களிடம் நீர் சொன்னதோ, அவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, வேலைதான் கூடுதல் என்று. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்பதற்காக, போனில் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதித் தூளுக்குள் புதைத்திருக்கிறீர்.

"கமராவை ஏன் மூடினீர்?" என்று கேட்டேன்.

"வேலை செய்யிற இடத்து டொய்லெட்டுக்குள்ள நிண்டு பாத்தனான் அன்ரி. அதை உங்களுக்குக் காட்டவோ?"

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமல் உம்மோடு சண்டை பிடித்தபடியே வந்தேன். ஊரையே சந்தேகப்படுகிற என்னை நீர் சந்தேகப்பட்டிருக்கிறீர். பத்தொன்பது வருடம் ஒரு சுவர், ஒரு அடுப்பு; கடைசியில் வாய் நிக்காதவள். வலித்தது. அப்புறம் அந்த ஐந்து மாடியும் ஞாபகம் வந்தது. என்னை நீர் சரியாகத்தான் அறிந்து வைத்திருக்கிறீர்.

டொரொன்டோவிலிருந்து வெளிக்கிடும்போது அவன் அந்தக் கடைசிப் பையில் மிச்சமிருந்ததைப் பாதியாகப் பிரித்துத் தந்தான். "அம்மாவின்ர கையால வறுத்தது. நீங்களும் வைச்சிருங்கோ." வானில் ஏறியதும் அதை அவிழ்த்து நானும் கையை விட்டுத் துழாவினேன். எனக்கென்று ஏதாவது ஒரு வரி எழுதியிருக்கமாட்டீரா என்று பார்த்தேன். வெறும் தூள்தான்.

வான் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. கீழ்வீட்டு ரீச்சர் கேற்றடியில் நிற்கிறார். "பொடியனைக் கண்டனீங்களோ? ஏன் வரேல்லையாம்?" இதுதான் முதல் கேள்வியாக இருக்கும். உண்மையைச் சொன்னால் அவன்மேல் உள்ள பழி நீங்கும். பின்னேரத்துக்குள் வழக்குக் கதை ஐந்தாம் மாடிக்கு ஏறிவிடும், அங்கிருந்து எங்கே போகுமோ தெரியாது. அவனுக்குக் கெட்டபேர் வாங்கிக் கொடுத்தது நான். அதைத் துடைக்கவும் என்னால் முடியாது.

"லீவு கிடைக்கேல்லையாம், ரீச்சர்" என்று சொல்லப்போகிறேன். அவர் நம்பமாட்டார். அந்தச் சந்தேகப் பார்வையைப் பழக்கியதே நான்தான்.

நீர் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இந்தமுறை வாய் நிற்கும்.