உங்கள் வேட்டியும் என் நடையும்

என் அன்பு அண்ணை,

நீங்கள் போன இடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான். ஆனால் போன கிழமை எனக்குச் செத்தவீடு நடந்தது. மற்றவர்கள் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போனபிறகு, உங்களுக்கு வந்த அதே சீனி வருத்தத்தால் என் இடது பாதமும் மரத்துப்போகத் தொடங்கியது. முள் குத்தினாலும் தெரியவில்லை. கிளினிக்கில் டொக்டர் பிள்ளை காலைத் தட்டிப் பார்த்தாள். "அண்ணையின்ரை காலை எடுத்த மாதிரி உங்கடையையும் எடுக்கவேண்டி வரும், ஐயா. நடவுங்கோ" என்றாள். உண்மையாகவே பயந்துவிட்டேன், அண்ணை. பக்கத்து வளவுக்கும் மோட்டார் சைக்கிளில் போன ஆட்கள் நாங்கள். நடை என்றால் எங்களுக்கு என்ன தெரியும்?

"முதல்நாள் படலைமட்டும் போங்கோ. அடுத்தநாள் இன்னும் நாலடி. நடந்த நாளுக்கெல்லாம் கண்ணிலை படுற மாதிரி ஒரு அடையாளம் வையுங்கோ" என்று வழியும் சொன்னாள். கலண்டரில் புள்ளடி போட்டேன். என் மனுசி, உங்கள் மச்சாள் பவளம் ஒருநாள் அதை உற்றுப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வாற வெள்ளிக்கிழமையும் நடந்து முடிச்சிட்டியளோ?"

மழைக்காலம், முன்கூட்டியே போட்டுவைத்தேன் என்றேன். சிரிக்காதீர்கள். "நாளைக்கு நடப்பன்" என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் நீங்கள். நான் நாளைக்கு நடந்ததாகவே கணக்கு முடித்துவிட்டேன்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் வந்தது. நடந்து வந்ததும் ரோட்டுப்பக்க வேலிக் கம்பியில் ஒரு துணித்துண்டு கட்டவேண்டும். "ஊர் பாக்கட்டும். அப்பதான் பொய் வராது" என்று, தான் தைத்து மிஞ்சிய சிவப்பு, பச்சைத் துண்டுகளை எடுத்துத் தந்தாள். படலையிலிருந்து மதகடி, மதகடியிலிருந்து பிள்ளையார் கோயிலடி என்று நடை நீண்டது. வேலி திருவிழாப் போல் இருந்தது. ஒருநாள் விட்டால் அந்த இடம் பல்லுப்போன வாய்போல் தெரியும். அந்த வெட்கத்துக்காகவே தடிமன், தும்மலோடும் நடந்தேன்.

பிறகு பவளம் வட்டுக்கோட்டையில் தமக்கை வீட்டில் சில நாள் நிற்கப் போனாள். துணி முடிந்துவிட்டது. அலுமாரியைத் திறந்தால் உங்கள் கோயில் வேட்டி. கொஞ்சநேரம் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் வாசம் போகவில்லை, அண்ணை. பிறகு, நீங்களும் என்னோடு நடவுங்கள் என்று சொல்லிக் கிழித்தேன்.

நாளுக்கு ஒன்றாகக் கட்டினேன். பழைய துண்டுகளும் மழையில் சாயம்போய் வெளுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலி முழுக்க வெள்ளைத் துணி கட்டினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

ஒருநாள் விடிய, சப்பாத்துப் போட்டுக்கொண்டு படலையைத் திறக்கிறேன், வெளியே சனம். பெண்கள் ஒப்பாரிக்கு ஆயத்தமாக மூக்கைச் சிந்துகிறார்கள். பக்கத்துவீட்டு மணியம் கையில் ஃபிளாஸ்க். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறார், சீனியை அள்ளிப்போட்டு.

"ஐயோ, நீங்கள் இருக்கிறியளே! அப்ப ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. நான்தான் போகப்போறன், கோயிலடிமட்டும்."

அந்தநேரம் பார்த்துக் கனடாவிலிருந்து ஃபோனில் உங்கள் மகள். செய்தி என்னைவிட வேகமாக நடந்திருக்கிறது. "சித்தப்பா எப்ப போனவர்?" என்று அழுகிறாள்.

"இன்னும் போகேல்லை பிள்ளை. உன்ரை ஃபோனாலைதான் சுணங்குது."

அழுகை நின்றது. சிரித்தாள். பிறகு மெல்லமாகக் கேட்டாள்: "அண்டைக்கு அப்பாவும் உப்பிடி ஃபோனை எடுத்திருக்கலாம், என்ன சித்தப்பா?" இதற்கு மறுமொழியை, அண்ணை, நீங்கள்தான் சொல்லுங்கள்.

நான் நடக்கத் தொடங்கினேன். "வந்தது வந்திட்டம்" என்று மணியமும் கூட வந்தார். அவருக்குப் பின்னால் மிச்சச் சனமும். ஒழுங்கையால் நான் முன்னே, செத்தவீட்டுக்கு வந்த ஆட்கள் பின்னே. எதிரே வந்த ஒருவர் சைக்கிளால் இறங்கித் தொப்பியைக் கழற்றி மரியாதையாக ஒதுங்கி நின்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

பவளம் பதறியடித்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும் அழுதாள். வேலியைக் கண்டதும் பேசத் தொடங்கியவள் இன்னும் முடிக்கவில்லை. ஆனால் உங்கள் வேட்டியின் மிச்சத்தை எறியவில்லை. மஞ்சளில் தோய்த்து மடித்துத் தந்திருக்கிறாள். இன்று காலையும் ஒரு துண்டு கட்டினேன்.

உங்களிடம் ஒருநாள் வருவேன், அண்ணை. அதில் மாற்றமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் வரமாட்டேன். நடந்துதான் வருவேன், ஆன மட்டும் சுற்றுவழியால், இரண்டு காலோடும். இது சத்தியம்.

இன்றைக்கும் கோயிலடிமட்டும் போய்வந்த,
உங்கள் தம்பி