திண்டிவனம் வந்தா எழுப்பு

என் தோளில் தூங்கியவளுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் பை கட்ட இன்று பீரோவின் அடித்தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். தொளதொளவென்ற பழைய ஜாக்கெட்டாக நான்கு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதாகக் கையில் வந்தது அந்த ஊதா ஜாக்கெட். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மூக்கில் வைத்துப் பார்த்தேன். எத்தனை துவைப்புக்குப் பிறகும் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை கொஞ்சம் இருந்தது. இருந்ததோ, இருப்பதாக எனக்குத் தோன்றியதோ, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது உன் தலை வைத்த கறை. பதினான்கு வருஷம் என் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் இடது தோள் இப்படித்தான் ஆனது. இதற்காக உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

நாளைக் காலை எனக்கு ஆபரேஷன். சினைப்பையில் ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்று ஸ்கேனில் பிடிபடவில்லை. "எடுத்துப் பார்த்தாத்தாம்மா தெரியும்" என்கிறார் டாக்டர். இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். முதல் தடவை பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை என்றேன். இரண்டாவது தடவை ஜலதோஷம் என்றேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கட்டியை நினைத்தால் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் மயக்க ஊசி. இரண்டு மணி நேரம் என் உடம்பு ஒரு மேசைமேல் கிடக்கும், நான் அங்கே இருக்கமாட்டேன். ஏதாவது தப்பாகப் போனால் பார்க்கக்கூட நான் இருக்கமாட்டேன். நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. இப்போதும் பேனா வழுக்குகிறது.

நாம் முதலில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்தில் காலைப் பாசஞ்சர். திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்து எனக்கு அது இரண்டாவது வாரம். நீ திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். இடம் இருக்கிறதா என்று கேட்காமல் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வண்டி நகர்ந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஏங்க, திண்டிவனம் வந்தா எழுப்பறீங்களா?" என்றாய். நான் சரி என்று சொல்வதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. யார் எவர் என்று தெரியாதவள்மேல் இப்படியும் ஒருத்தி தூங்குவாளா என்று எனக்கு ஒரே ஆத்திரம். அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.

நான் ரயிலில் தூங்கினதே இல்லை. முண்டியம்பாக்கத்தில் கேஸ் மூடினேனா என்று யோசிப்பேன். விக்கிரவாண்டியில் பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று யோசிப்பேன். பேரணி வந்தால் கைப்பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மயிலம் தாண்டினதும் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வேன். உன்னை எழுப்ப வேண்டிய வேலை வந்த பிறகு நிற்கமுடியவில்லை, உட்கார்ந்தபடியே பதறினேன். நீயோ ஒரு நாள் நான் லீவு போட்டபோது தூங்கித் தூங்கி ஒலக்கூருக்கே போய்விட்டு, மறுநாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே அதைக் கதையாகச் சொன்னாய்.

"அப்புறம் இன்னாடி பண்ணே?" என்றேன்.

"இன்னா பண்றது? எறங்கினேன். எதிர்ல வர்ற வண்டிக்கு ஒக்காந்துக்கினு இருந்தேன். வந்துச்சி. ஏறினேன்."

"லேபு?"

"லேபு அங்கியேதான் இருந்துச்சி."

அந்தப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நாளை மட்டும் நான் மறக்கவில்லை. தேர்வு அறைகளின் சாவிக்கொத்து என் பையில் இருந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார் என்று முந்தின நாள் நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வெறும் வயல், வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. போனில் சிக்னல் இல்லை. முந்நூறு பிள்ளைகள் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்பது கண்ணில் தெரிந்தது. குதித்து இறங்கி ரோடுவரை ஓடிவிடலாம் என்று எழுந்தேன். நீ தூக்கத்திலேயே என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"எங்க போறே?"

"விடுடி. எனக்கு நெஞ்சு அடைக்குது. உனக்கு இன்னா, நீ பாட்டுக்குத் தூங்கிக்கினு வர்றே."

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "நீ முழிச்சிக்கினு வர்றதாலதான் ரயிலு ஓடுதுன்னு நெனச்சிக்கினு கீறியா? இப்பவும் முழிச்சிக்கினுதானே கீறே? ஓடச் சொல்லு, பார்க்கலாம்."

எதிர் சீட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீ விடாமல், ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் பேசுவாயே, அந்தக் குரலில், "கையை இறுக்காதே. இறுக்கினா நரம்பு உள்ள போயிடும். விடு, ப்ரீயா விடு" என்று சொல்லி என் மூடின விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். நான் கையை உதறிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் எல்லாம் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் எப்போதும் இன்னொரு சாவிக்கொத்து இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதை உன்னிடம் சொன்னால் ஜென்மத்துக்கும் கேலி செய்வாய் என்று சொல்லவேயில்லை. ஒரு வாரம் பேசவுமில்லை. பேசாத அந்த ஒரு வாரமும் நீ வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், சிலுவை போட்டாய், என் தோளில் தூங்கினாய். நானும் வாயைத் திறக்காமல் முழங்கையால் இடித்து எழுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. சாதாரணக் காமாலை என்றுதான் இருந்தோம். கல்லீரல்வரை போய்விட்டது என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து பகலெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் தலைமாட்டில் எண்கள் ஓடும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்த எண் இறங்காது என்று நம்பினேன். சிரிக்காதே, நிஜமாகவே நம்பினேன்.

பதினொன்றாம் நாள் மத்தியானம். உன் வீட்டுக்காரர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நீ கண் திறந்தாய். கண்ணும் முகமும் மஞ்சளாக, உதடு வெடித்து இருந்தாய்.

"இன்னாடி இது, உன்னைப் பார்க்கவே பேஜாரா கீது" என்றாய். "இன்னிக்கு ஒரு நாள் நான் முழிச்சிக்கினு கீறேன். நீ கொஞ்ச நேரம் தூங்கு."

"போடி. நான் தூங்கிட்டா யாரு பார்க்கிறது?" என்றேன்.

நீ சிரிக்கப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது. ஓடினேன், கூப்பிட்டேன், எல்லாரும் வந்தார்கள். அப்படியும் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. பயம்தான் அதிகமாயிற்று. நடுவில் ஒரு நிமிஷம் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தேனே, அதனால்தான் என்று என்னையே பிடித்துத் தின்றேன். மூன்று வருஷமாக வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு தடவை இழுத்துப் பார்க்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுவத்தி கொளுத்தினால் அது அணையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். காய்ந்த மாலையில் பற்றிக்கொண்டால் என்ன செய்வது?

போன வாரம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். மயக்கத்துக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று ரயிலில் கண்ணை மூடிப் பார்த்தேன். திங்கட்கிழமை முண்டியம்பாக்கத்தில் மூடின கண்ணை விக்கிரவாண்டி வருவதற்குள்ளேயே திறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மூடவே முடியவில்லை. புதன்கிழமை, பக்கத்தில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்தில்தான் இறங்குவாராம். உன் வாக்கியத்தை நான் கேட்டேன்.

"ஏங்க, திண்டிவனம் வந்தா எழுப்பறீங்களா?"

"நீங்க தூங்குங்க. எனக்கு ரயில்ல தூக்கமே வராது. நான் முழிச்சிக்கினுதான் வருவேன்" என்றார்.

முதலில் முடியவில்லை. தொடைமேல் கை இறுக மூடியிருந்தது. நீ செய்தது போல ஒவ்வொரு விரலாகப் பிரித்து வைத்தேன். கேஸ் மூடினேனா என்று வந்தது, பதில் சொல்லாமல் விட்டேன். பூட்டு வந்தது, அதையும் விட்டேன். பயத்தோடுதான் இருந்தேன், கிணற்று விளிம்பில் உட்கார்ந்த மாதிரி. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகையில் ஒலக்கூர் என்று இருந்தது. தோள் கனத்தது. இடது தோள். அந்த அம்மா வாயைத் திறந்து குறட்டை விட்டபடி என்மேல் சாய்ந்து கிடந்தார்.

உலுக்கி எழுப்பி, இரண்டு பேரும் விழுந்தடித்து இறங்கினோம். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, கம்பெனில கேட் போட்டுடுவாங்களே. ஜல்தியா ஏதாவது வண்டி கிடைக்குமா?" என்று கையைப் பிசைந்தார். நான் சொன்னதைக் கேள்: "விடுங்கம்மா, எதிர்ல வர்ற வண்டி வரும். ஏறிப் போலாம்." சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், யார் பேசியது என்று. இரண்டு பேரும் தூங்கியிருக்கிறோம், ஒருத்தரும் பார்க்கவில்லை, ரயில் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ போன பிறகு நான் அப்படி அழுததில்லை. அன்று மத்தியானம் நான் இமைக்காமல் பார்த்திருந்தாலும் நீ போயிருப்பாய். உன்னை இருக்கவைத்தது என் கண் இல்லை, போகவிட்டதும் என் கண் இல்லை. ஆனால் நீ தூங்கச் சொன்னபோது உன் தலைமாட்டில் தலை சாய்த்திருக்கலாம். ஒரு தடவையாவது உன் காவலில் நான் தூங்கியிருக்கலாம். அதுதான் தாங்கவில்லை.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மயக்கம் கொடுக்கிற டாக்டர் நேற்று, "ஊசி போட்டதும் பத்து வரைக்கும் எண்ணுங்க, ஆறு தாண்ட மாட்டீங்க" என்றார். "தாண்டிட்டா?" என்று கேட்டேன். "தாண்டினா நானும் கூட எண்ணறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்தேன். ஒரே ஒரு தடவைதான் பத்திரம் என்றேன். சரி, இரண்டு தடவை.

ஊதா ஜாக்கெட்டைப் பையில் மேலாக வைத்திருக்கிறேன். கண் விழித்தால் முதலில் அதைத்தான் போட்டுக்கொள்வேன். கட்டி என்ன கட்டி என்று அதற்கப்புறம் சொல்லட்டும். நாளைக்கு நான் எண்ணப்போவதில்லை. கையைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பேரைச் சொல்லப்போகிறேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி. மயிலம்வரை போனால் அதிகம். அதற்குமேல் எனக்குத் தெரியாது, நீ முழித்துக்கொண்டு இரு.

திண்டிவனம் வந்தா எழுப்புடி.