எல்லோரும் இடப்பக்கம் பார்க்கிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அக்காவின் செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தேன். தேடினாள், எடுத்தாள், மாட்டிக்கொண்டாள். "வெயிலுக்கு இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் எப்படித் தொழில் செய்வது?

சாயங்காலம் பெரிய செய்தி. அக்கா விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு ஸ்டூடியோவிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒரு வாரம் வந்து அங்கே ஒரு கடைத்தெருவைப் படம் பிடிக்க வேண்டும். பிடித்திருந்தால் ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி. வீட்டில் எல்லோரும் குதித்தோம். அக்கா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காரணம், கடைசி வரி: "மனிதர்களின் முகங்கள் வேண்டும்."

அக்கா இதுவரை எடுத்த படங்களில் முகமே கிடையாது. கதவு, மாடிப்படி, பஸ்ஸின் முதுகு. தெரியாத ஆளிடம் மணி கேட்கக்கூடக் கூசுகிறவள், முகத்தை எங்கே கேட்பாள்?

அப்பாவுக்கு லீவு இல்லை. அம்மா என்னைக் கூட அனுப்ப முடிவு செய்துவிட்டாள். "அவ வாயைத் திறக்க மாட்டா, இவ மூட மாட்டா. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்."

என்னை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விமானத்தில் ஜன்னல் சீட் அக்காவுக்கு. வழி முழுக்க மேகத்தை எடுத்துக்கொண்டே வந்தாள். மேகம் "என்னம்மா வேணும்?" என்று கேட்காது.

ஜூன் 9, திங்கள்

எங்கள் அறையில் அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில் இருப்பவர் காலை மடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். அக்கா அதையும் ஒரு படம் எடுத்தாள்.

ஸ்டூடியோவை நடத்தும் அம்மாளைப் பார்த்தோம். வெட்டிய நரைமுடி. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொன்று. அவர் சொன்னதை அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்: பின்னால் இருக்கும் கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களை எடு; வியாழக்கிழமை கொண்டு வா. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இப்பவே திரும்பிப் போயிடலாமாடி?"

"நான் இருக்கேன்ல" என்றேன். என்ன ஒரு தைரியம். வரும் வழியில் பஸ் மாறி ஏற்றிவிட்டதும் நான்தான்.

ஜூன் 10, செவ்வாய்

காலை முழுவதும் அக்கா ஒரு சாவிக்கடை முன்னால் நின்றாள். சாவி செய்கிறவர் தலை நிமிர்ந்தால் இவள் தலை குனிவாள். அவர் குனிந்தால் இவள் நிமிர்வாள். கடைசியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பூட்டை எடுத்தாள். ரொம்ப நல்ல பூட்டு.

பொறுத்தது போதும் என்று நான் களமிறங்கினேன். என் கைவசம் ஒரு வித்தை உண்டு: இல்லாத வாசற்படியில் தடுக்கி விழுவது. விழுந்ததும் எழுந்து, இல்லாத படியைத் திட்டி, தாண்டி, அடுத்த இல்லாத படியில் மறுபடியும் விழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்காக இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். க்ளிக்.

முதல் முகம்!

அக்கா படம் எடுக்கிறாள், நான் படம் காட்டுகிறேன். கூட்டணி அமைந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

இன்றைய அறுவடை: செருப்புத் தைப்பவர், மீன் விற்கும் அம்மாள், தையற்கடையில் நான்கு பேர். மீன்கார அம்மாள் சிரித்த சிரிப்பில் என் மேல் ஒரு பிடி ஐஸை அள்ளி வீசினார். இரண்டு முட்டியும் சிராய்ப்பு. கலைக்காக ரத்தம் சிந்தியிருக்கிறேன்.

அக்கா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். "நீ இல்லன்னா நான் அவ்வளவுதான்டி."

தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். தலை அறைக்குள் நுழைவதே கஷ்டமாக இருந்தது, அவ்வளவு பெருத்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

தலை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஸ்டூடியோ அம்மாள் படங்களைப் பெரிய திரையில் போட்டார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார். பிறகு எழுந்து போய், திரைக்கு வெளியே இடப்பக்கத்து வெறும் சுவரில் விரலை வைத்துக் கேட்டார்: "இங்கே யார் நிற்கிறது?"

அக்கா என்னைக் காட்டினாள்.

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. சாவிக்காரர், செருப்புக்காரர், மீன்கார அம்மாள், தையற்கடைக் கும்பல் – ஒருவர் பாக்கியில்லாமல் இடப்பக்கம் பார்க்கிறார்கள். ஏதோ வராத பஸ் வந்துவிட்ட மாதிரி. யாருமே அக்காவைப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் நீ எடுத்த படம் இல்லை. இவளுடைய ரசிகர் மன்றம்" என்றாராம். வெளியே வந்துதான் அக்கா இதை எனக்கு மொழிபெயர்த்தாள். திங்கட்கிழமை வரை நேரம் தந்திருக்கிறார்.

எனக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது என்று முதல்முதலாகத் தெரிந்த நாள், சந்தோஷப்பட முடியாத நாளாகப் போயிற்று.

ஜூன் 13, வெள்ளி

என் மூளையில் பல்ப் எரிந்தது. பக்கத்தில் நின்றால்தானே இடப்பக்கம் பார்ப்பார்கள்? அக்காவுக்கு நேர் பின்னால் நின்றால் நேராகப் பார்ப்பார்கள்.

பார்த்தார்கள். ஆனால் நான் அக்காவைவிட ஒரு சாண் உயரம். எடுத்த படங்களில் எல்லோரும் அவள் நெற்றிக்கு மேலே பல்லி உட்கார்ந்திருப்பதுபோல் பார்க்கிறார்கள். சரி என்று குந்தி உட்கார்ந்தேன். அவள் வயிற்றில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்க்கிறார்கள். பல்ப் ஃப்யூஸ்.

சாயங்காலம் அக்கா கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடினாள். "போதும்டி. நமக்கு இது சரிப்படாது. நாளைக்கு ஊர் சுத்திப் பார்த்துட்டுப் போயிடலாம். உன்கூட இருந்தாலே போதும் எனக்கு."

எனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

சந்தோஷமா இருந்துச்சு.

அவ ஜெயிச்சா ஒரு வருஷம் இங்கதான். வீட்டுல அந்த ரூம்ல நான் மட்டும். யார் செருப்பை ஒளிச்சு வைப்பேன்? யார்கிட்ட அடி வாங்காம தப்பிச்சு ஓடுவேன்? – அவ தோக்கறதுக்கு நான் ஒண்ணுமே செய்ய வேணாம். கூடவே போனா போதும். பாசமா, சிரிச்சுக்கிட்டே, பக்கத்துல நின்னா போதும். "பாவம், தங்கச்சி எவ்வளவு உதவி பண்ணினா"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

இதுவரை எத்தனையோ குறும்பு செய்திருக்கிறேன். இவ்வளவு மோசமாக ஒன்றைக்கூட யோசித்ததில்லை. அதுவும் யோசிக்காமலேயே தோன்றியது.

ஜூன் 14, சனி

வயிற்று வலி.

மாலை – காலையில் அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. வலியெல்லாம் இல்லை. சுருண்டு படுத்து முனகினேன். அக்கா கூடவே இருக்கிறேன் என்றாள். "நீ பக்கத்துல உட்கார்ந்தா எனக்கு இன்னும் முறுக்குது. கேமராவை எடுத்துக்கிட்டு எங்கயாவது போயேன்" என்றேன். மருந்துக்கடையிலிருந்து ஒரு டானிக் வாங்கி வந்து, இரண்டு மூடி ஊற்றி, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். இல்லாத வலிக்கு இருக்கிற கசப்பு.

நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகைக்குப் பசித்தது.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டாள். குளிக்கப் போனபோது கேமராவைப் பார்த்தேன். கத்தரிக்கோல். ஐஸ்கட்டி. மீன். மீனுக்கு முகம் உண்டுதான், ஆனால் ஸ்டூடியோ அம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

வலி தொடர்கிறது. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றாள். ஊசி என்றதும் வலி பாதி குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவளை விரட்டினேன்.

திரும்பி வந்தவள் கேமராவை என் மடியில் வைத்தாள்.

சாவிக்காரர். சிரிக்கவில்லை. நேராகப் பார்க்கிறார். புருவத்தில் இரும்புத் தூள். ஒரு கண் கொஞ்சம் சின்னது. அத்தனை முறை அவர் முன்னால் விழுந்து புரண்டேனே, இந்தக் கண்ணை நான் பார்க்கவே இல்லை. அடுத்து மீன்கார அம்மாள். தலைத்துணியை அவிழ்த்துக் கட்டுகிறார், களைப்பாக, அழகாக. அடுத்தடுத்து எல்லோரும். எல்லோரும் அக்காவைப் பார்க்கிறார்கள்.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. நின்னேன். பயமாத்தான் இருந்துச்சு. போயிடுவேன்னு சாவிக்காரரு நினைச்சாரு, போகலை. சரி எடுத்துக்கோன்னு பார்த்தாரு." கேமராவை வாங்கிக்கொண்டே, "உன்னைக் கேட்டாரு" என்றாள். சாவிக்காரர் கடையை விட்டு வெளியே வந்து, இல்லாத படியில் தடுக்கிக் காட்டி, எங்கே அவள் என்று கையை விரித்தாராம். அக்கா வயிற்றைத் தொட்டுக் காட்டினாளாம்.

பிறகு என் தலையணையைத் தட்டிப் போட்டாள். "வயித்து வலிக்காரி படுக்கையில பிஸ்கட் தூள் எப்படி வந்துச்சு?"

"எறும்பு கொண்டு வந்து வச்சிருக்கும்."

போர்வையை உதறி மடித்தாள். நிதானமாக, மூலையோடு மூலை சேர்த்து. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்கும் வலிக்குமா?"

"நீ ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வலிக்கும்."

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது.

அம்மா போனில் அழுதாள். அக்காவுக்காகச் சந்தோஷத்தில் பாதி. நான் தனியாக விமானம் ஏறி வருகிறேன் என்பதற்காகப் பாதி. விமானத்துக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பாள்.

ஜூன் 18, புதன்

விமான நிலையத்தில் என் கழுத்தில் "துணையின்றிப் பயணம் செய்யும் சிறார்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். பெட்டிக்கும் ஓர் அட்டை. எங்கள் இருவரில் பெட்டிதான் அமைதியாக இருந்தது.

உள்ளே போவதற்கு முன்னால் அக்காவைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி நடந்தேன். தடுக்கி விழுந்தேன். இந்த முறை நிஜமாகவே படி இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. ஓடி வந்து தூக்கிவிட்டாள். கேமரா அவள் தோளில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் நானே காபி போட்டேன். இரண்டு டம்ளர். ஒன்றில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு. கலக்கி முடித்து, மூஞ்சியை அப்பாவிபோல் வைத்துக்கொண்டு அறைவரை கொண்டு போய்விட்டேன்.

அக்காவின் கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது.

"ரெண்டு டம்ளர் யாருக்குடி?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குத்தான் என்றேன். அவள் நகர்கிற வழியாகத் தெரியவில்லை. இரண்டையும் குடித்தேன்.