வலது தோளுக்கு ஒரு மெஷின்

மார்ச் 3

லிஃப்ட்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறதாம். நாம் தனித்தனியாகி இரண்டு வருடமாகியும் நீங்கள் எடுக்கவில்லை. மறதியா, நல்ல மனசா என்று நான் கேட்கப்போவதில்லை.

வலது தோள் மூட்டில் வலி. முடி வெட்டுகிறவள் நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றால் வேறென்ன வரும்? தோளில் நாலு பட்டையை ஒட்டி நரம்புக்கு மெல்லிய கரண்ட் விடுகிற மெஷின் ஒன்றை டாக்டர் இரவல் கொடுத்திருக்கிறார். சோப்பு டப்பா அளவுதான். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அப்புறம் இரண்டு மணி நேரம் கை என் பேச்சைக் கேட்கும். முப்பது நாள் வலி எப்படி இருந்தது என்று தினமும் எழுதி அனுப்பினால், காப்பீட்டில் சொந்தமாகவே கிடைக்குமாம். கிடைக்காவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையைப் பார்ட்னரிடம் விட்டுவிட வேண்டியதுதான். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடவும்.

சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி

மார்ச் 9

கத்தரிக்கோல்காரிக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று. பெயரை எடுக்காதது மறதி இல்லை.

வலி எத்தனை நாளாக என்ற கேள்விக்கு ‘நாலு வருடம்’ என்று எழுதியிருக்கிறாய். நாலு வருடத்துக்கு முன் நாம் ஒரே வீட்டில்தானே இருந்தோம்? எனக்கு ஏன் தெரியாது? யோசித்து யோசித்துத் தலை காய்கிறது.

நேற்று ஆறாவது மாடிக்கும் ஏழுக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்து, உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று பேரை இறக்கினேன். இறங்கியதும் ஒருவர், “ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?” என்றார். உன் ஞாபகம் வந்தது.

அன்புடன்,
நான்தான்

ஏப்ரல் 21

லிஃப்ட்காரருக்கு,

மறுத்துவிட்டார்கள். வலி எவ்வளவு என்ற கட்டத்தில் முப்பது நாளில் இருபத்தாறு நாள் ‘பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறேனாம். பரவாயில்லாத தோளுக்கு மெஷின் எதற்கு என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆபீசருக்கு ‘ஐயோ அம்மா’ என்றா எழுதுவது? பார்ட்னர் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். வீட்டில் உடன் இருந்து பார்த்தவர் யாராவது எழுதித் தர வேண்டும். உங்களைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முடியாது என்றால் விடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

மனைவி

ஏப்ரல் 26

கத்தரிக்கோல்காரிக்கு,

எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கும் தெரிய வேண்டும் என்பதால் அதை அப்படியே கீழே தருகிறேன்.

‘ஐயா, என் மனைவி வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன். பிரிவதற்கு முந்தைய வருடம், சமையலறை மேல் தட்டில் இருந்த பாத்திரங்களை அவள் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தாள். எனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், தொழில் பழக்கம். எனவே ராத்திரி நான் திரும்ப ஏற்றி வைப்பேன். மறுநாள் அவள் இறக்குவாள். பல மாதம் இப்படியே நடந்தது. வீம்பு பிடிக்கிறாள் என்று சத்தம் போட்டேன். தலையை இடது கையால் சீவ ஆரம்பித்தாள், அதையும் பார்த்தேன். கை எட்டாமல்தான் இறக்கினாள் என்று உங்கள் படிவத்தைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. தினமும் அந்தத் தோளை வலிக்க வைத்தவன் நான். அவளுடைய ‘பரவாயில்லை’யை நம்பாதீர்கள், நானும் அதை நம்பித்தான் ஏமாந்தேன்.’

ஆபீசர் என்ன சொல்வாரோ தெரியாது. நீ என்னை மன்னிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் கணவன்

மே 30

என்னங்க,

மெஷின் எனக்கே சொந்தமாகிவிட்டது. புதுப் பட்டைகளும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமாம். கடையை விடப்போவதில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பாதி முடி வெட்டிய தலையோடு ஒரு அம்மா அரை மணி நேரம் காத்திருந்தார். “நல்ல செய்தியாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ‘எனக்கு எட்டவில்லை’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன், கண்டுபிடிக்கவில்லை என்று கோபப்பட்டேன். எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் நாட்கள் நன்றாகவே போகின்றன. தனியாக இருக்கவும் பழகிவிட்டேன். ஆனால் இந்தப் பட்டைகளை முதுகுப் பக்கம் நானே ஒட்ட முடியாது. வேலை நாளில் பார்ட்னர் ஒட்டிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அன்று வலி பத்துக்கு எட்டு. காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு ரயில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

நீங்கள் வர வேண்டும். பட்டை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை.

உங்கள் மனைவி