எடுக்க வேண்டியது யார்

1986 ஜூலை 8, செவ்வாய். சாரல்.

அக்காமேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? அப்பா கேட்டது அப்படி: "ரெண்டு பேருல யாருடா கெடுத்தது?"

அப்பா போடிமெட்டுக்கு எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். ஒரே பேச்சு. கம்ப்யூட்டரில் எங்கள் புரோகிராம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வெள்ளிக்கிழமை மதுரை இன்டர்வியூவுக்கு அக்காவை விடுவார். அவள் பி.எஸ்சி. கணக்கு முடித்து மூன்று வருஷம் வீட்டில். காலேஜுக்கு அனுப்பியும் பாதியில் ஓடிவந்தவன் நான்.

இன்று 12 × 7. திரையில் 84. சரி. அப்புறம் மிஷின் அப்படியே நின்றுவிட்டது.

"அதான் வெட வந்துருச்சே?"

"கூப்பிட்ட எடத்துக்குத் திரும்பி வரலப்பா," அக்கா.

"மலைக்குப் போன ஜீப்பு கீழ வரலேன்னா லோடு ஏத்தி என்னாத்தா பிரயோசனம்?"

ஜூலை 9, புதன். பதினொன்று வரை கரண்ட் இல்லை.

ஏலக்காய் மண்டி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர். எங்களுக்கு மத்தியானம் 2 மணி முதல் 4 வரை மட்டும்.

கம்பைலர் என்னுடையது. நாம் எழுதுவதை மிஷின் பாஷையாக்கும். பெருக்கல் பகுதி அக்கா கையால் எழுதியது. என் பக்கம் எண்களை அடுக்கில் வைத்து அவள் பகுதியைக் கூப்பிடும். அது பெருக்கி, விடையோடு திரும்பும். அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே அடுக்கில், எண்களுக்கு அடியில் இருக்கும். வைத்த எண்களை யார் எடுப்பது? கூப்பிடப்பட்ட பகுதி. முதல் நாளே பேசி நோட்டில் எழுதியாச்சு.

"நீ எடுக்க மறந்துருப்ப."

"மறக்கல. ஒக்காரு, வரி வரியா பாப்போம்."

உட்காரவில்லை. டீக்கடை. இரண்டு டீ.

ஜூலை 10, வியாழன். காற்று.

வாங்கியது: புரோகிராம் பதிய கேசட் 1, ஊக்கு, நீல மை.

இன்று உட்கார்ந்தேன். அக்கா தன் பகுதியைத் தொடவே இல்லை. என் கம்பைலர் போட்டுத் தந்ததைப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னடா?"

போன வாரம் நான் சேர்த்த வரி. கூப்பிட்டுத் திரும்பியதும் நானும் ஒரு தடவை எடுக்கிறேன். அவள் மறந்துவிட்டால்? அவளிடம் சொல்லவில்லை. அவள் சரியாக எடுத்துவிட்டாள். மறுபடி நான் எடுத்ததில், அடியில் இருந்த திரும்பும் முகவரியும் போச்சு.

திட்டுவாள் என்று பார்த்தேன். சிரித்தாள்.

"வீட்டுல தின்ன தட்ட எடுக்க மாட்ட. இங்க வந்து என் சோலியையும் சேத்துச் செய்யிற."

"நீ மறந்துருவன்னு..."

"எல்லாரும் அப்படித்தான்டா நெனக்கிறீக."

சிரிப்பு இல்லை இப்போது.

அந்த வரியை அழித்தேன். 84. திரும்பி வந்தது. அடுத்த கணக்கு. அதுவும்.

"வெரசா முடிங்கப்பு, லோடு வருது," அண்ணாச்சி. அப்பா ஜீப்பை வாசலில் நிறுத்தி வந்து பார்த்தார்.

"தப்பு எம்மேலப்பா. அக்கா பேசுனபடிதான் செஞ்சா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவளிடம்: "மொத பஸ்சு எத்தன மணிக்காத்தா?"

ஜூலை 11, வெள்ளி. விடியல். குளிர்.

சர்டிபிகேட். கேசட். தயிர்சோறு. குடை.

"நானும் வர்றேன்க்கா."

"வேணாம். பஸ்சு ஏத்திவிடு, போதும். நான் பாத்துக்குவேன்."

சரி. பார்த்துக்கொள்வாள்.

மூன்று இட்லி தின்றாச்சு. தட்டு என் முன்னாலேயே கிடக்கிறது. அக்கா புதுச் சேலையோடு அதை எடுக்கக் குனிகிறாள். ஏய், வை, வை. கை கழுவி, தட்டையும் நானே கழுவி... எழுத நேரமில்லை, போறேன்.